லப்டொப் நின்று நின்று போகிறதா? போமட்டைக் கடைசிக்கு வையுங்கள்

கம்பஸ் பிள்ளைகளும், புதிதாக ரிப்பெயார் பழகுகிற தம்பிமாரும், அடிக்கடி கிராஷ் ஆகிற லப்டொப்பைக் கையில் எடுத்ததும் செய்கிற வேலைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தூசி தட்டுவது, வைரஸ் பார்ப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம். ஓரளவு விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வேலையாகப் போமட் அடிப்பது

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

கோணேசபுரி கம்பஸில் இறுதியாண்டு படிக்கிற மூதூர்த் தங்கச்சி ஒருவர் லப்டொப் கொண்டுவந்தார். விண்டோஸ் பிழை காட்டுகிற நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அதற்கு முதல் வேறோர் இடத்தில் கொடுத்து, போமட் பண்ணி, அதாவது டிஸ்க்கை அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கியிருக்கிறார். இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடியதாம். பிறகு அதே வருத்தம். இதற்கிடையில் ஆய்வுக் கட்டுரையும் அதற்கு எடுத்த படங்களும் போய்விட்டன.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ராம் (ஓடுகிற வேலைகளைத் தாங்கும் நினைவகம்) துண்டுகளில் ஒன்றின் பொன்னிறப் பற்கள் ஓரத்தில் கறுத்து, பச்சை பூத்திருந்தன. வீடு கடற்கரையோரம், உப்புக் காற்று. துடைத்துப் போட்டும் டெஸ்டில் பிழை காட்டியது. அதைக் கழற்றிவிட்டு மற்றதோடு மட்டும் ஓடவிட்டேன், நிற்கவே இல்லை.

“அப்ப போமட் பண்ணியிருக்கத் தேவையே இல்லையா அண்ணா?”

தேவையே இல்லை.

அப்படியென்றால் போமட்டுக்குப் பிறகு ஏன் சில நாள் ஓடியது? புது விண்டோஸில் புரோகிராம்கள் குறைவு, ராம் அவ்வளவாக நிரம்பாது, பழுதான பகுதியைத் தொடுவதும் அரிது. மென்பொருட்களை எல்லாம் போட்டு, குரோமில் பத்துப் பதினைந்து டாப் திறந்ததும் பழையபடி விழும். போமட்டில் சரியாகிவிட்டது என்று கையில் கொடுத்தனுப்புகிறவர்கள் இந்தச் சில நாளைத்தான் பார்க்கிறார்கள்.

பழைய ஹாட் டிஸ்க் என்றால் போமட்டுக்குப் பிறகும் கொஞ்சமாவது மீட்கலாம், மேலே புதிதாக எழுதப்படாத இடத்தில் இருந்தவற்றை மட்டும். சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி டிஸ்க் அப்படியில்லை. டிரிம் என்ற கட்டளை அழித்த இடங்களைத் துடைத்துவிட வழிசெய்யும். பிறகு தேடிப் பெரும்பாலும் பயனில்லை. டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்றால், புது விண்டோஸை எழுதுகிற பாரமே அதை முடித்துவிடும்.

ஆகவே முதலில் உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) போட்ட பென் டிரைவில் பூட் செய்து, கோப்புகளை வெளி டிஸ்க்கில் கொப்பி பண்ணுங்கள். விண்டோஸ் 11 லப்டொப் பலவற்றில் டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருக்கும். திறக்க 48 இலக்க ரிக்கவரி கீ வேண்டும்; அது பெரும்பாலும் சொந்தக்காரரின் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், கேட்டு எடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சள் காட்டினால் அதில் எதையும் எழுத வேண்டாம்.

நீலத்திரையைப் படிக்காமல் விடுவது

வாசிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பார்கள். சிஸ்டம் புரொப்பர்டீஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி’ பகுதிக்குப் போய், தானாக ரீஸ்டார்ட் ஆகச் சொல்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். திரை அப்படியே நிற்கும், போனில் படம் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைக்கிற மென்பொருள்) பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பிடியுங்கள். முறைக்கு முறை வேறு பிழை வந்தால் ராமைச் சந்தேகியுங்கள். பிழையின் பெயர் ‘வீயா’ (WHEA) என்று தொடங்கினால் அநேகமாக ஹாட்வெயார்தான்.

ஈவன்ட் வியூவரில் 41ஐப் பிடித்துத் தொங்குவது

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கிற ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் பற்றரி மாற்றியவர்கள் இருக்கிறார்கள். மெஷின் ஒழுங்காக ஷட்டவுண் ஆகாமல் மறுபடி எழும்பியது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. காரணம் அதில் இல்லை.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருட்கள்

போடாதீர்கள்.

ஏசி அறையில் வைத்துச் சோதிப்பது

நீலத்திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் சூட்டையும் சார்ஜரையும் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் சிப்கள் 100 பாகையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அதையும் தாண்டிப் போனால் தம்மைக் காக்க அணைந்துவிடும். கச்சான் என்ற சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் மெத்தையில் வைத்துப் பாவிக்கிற லப்டொப்பை, குளிரூட்டிய அறையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது. அவர் பாவிக்கிற மாதிரியே, அதே சூட்டில் ஓடவிடுங்கள்.

வீங்கிய பற்றரி

பற்றரி வீங்கி டச்பேட் மேலெழும்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். மற்றச் சோதனைகளுக்கு முதல் பற்றரியைக் கழற்றுங்கள்.

ராம் டெஸ்டைப் பாதியில் நிறுத்துவது

பத்து நிமிடம் ஓடவிட்டு ‘ராம் நல்லது’ என்று சொல்ல முடியாது. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு போட்டுவிட்டுப் படுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரேயொரு பிழை வந்தாலும் பிழைதான். உடனே புது ராம் வாங்கவும் ஓடாதீர்கள்: அதே துண்டை மற்றத் துளையில் போட்டு இன்னொரு தரம் ஓட்டுங்கள். பிழை துண்டோடு போனால் ராம் பழுது. துண்டை மாற்றியும் பழைய துளையிலேயே பிழை நின்றால் மதர்போர்ட்டைப் பார்க்க வேண்டும்.