ஆலிஸ் ஆஸ்வால்டின் கவிதைத் தொகுப்புகளை எந்த வரிசையில், எப்படி வாசிப்பது

இங்கிலாந்துக் கவிஞர் ஆலிஸ் ஆஸ்வால்டை வாசிக்க விரும்புகிறவர், அவருடைய தொகுப்புகளை வெளிவந்த ஆண்டு வரிசையில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் தொகுப்பு 1996-இல் வந்தது; அதன் பிறகு வந்தவற்றுள் பல, தனிக் கவிதைகளின் திரட்டாக இல்லாமல், ஒரு நூல் முழுவதும் ஓடும் ஒரே நீள்கவிதையாக அமைந்தவை. திரட்டு நூல்களில் எடுத்துப் போடப்படும் இரண்டு பக்கங்களைக் கொண்டு அவற்றை அறிய முடியாது. ஆகவே தொடங்கும் முன் ஒரே ஒரு விதியை ஏற்றுக்கொள்ளுங்கள்: நீள்கவிதை என்றால் ஒரே அமர்வில், வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆஸ்வால்ட் தம் நீண்ட கவிதைகளை மேடையில் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்தே சொல்பவர்; அச்சிட்ட பக்கத்தை அவர் குரலுக்கான குறிப்பாகவே கையாளுகிறார் என்பது என் கணிப்பு.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. 1966-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் செவ்வியல் படித்து, பின்னர் தோட்டக்கலையில் பயிற்சி பெற்றுத் தோட்டக்காரராக வேலை பார்த்தவர் என்பது போதும். பண்டைக் கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமரும் மண்ணும் என்ற அந்த இரண்டு கல்விகளும் எல்லா நூல்களிலும் சேர்ந்தே வருகின்றன.

முதலில் எடுக்க வேண்டியது, 2016-இல் வந்து காஸ்டா கவிதைப் பரிசும் அடுத்த ஆண்டு கனடாவின் கிரிஃபின் பரிசும் பெற்ற 'ஃபாலிங் அவேக்'. இதில் குறுங்கவிதைகள் உள்ளன என்பதாலேயே இது நல்ல வாசல். தொடக்கக் கவிதை மழை விழுவதையும், அந்த நீர் இலையாகி மீண்டும் விழுவதையும் ஈரடி எதுகைகளில் சொல்கிறது. மொழி எளிது, ஓசை பிடிபட்டுவிடும். அடுத்து, வற்றிப்போன ஓர் ஆற்றைப் பற்றிய 'டன்ட்' என்ற கவிதையை வாசியுங்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ரோமானிய நீரணங்கின் சிறு உருவம், சுண்ணாம்புக்கல்லிலிருந்து ஆற்றை வரவழைக்க முயல்கிறது, முடியவில்லை, மீண்டும் முயல்கிறது. திரும்பத் திரும்ப வரும் தொடரைக் கண்ணால் தாண்டிவிடாமல் ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லிப் பார்த்தால், இந்தக் கவிஞரிடம் மீளச் சொல்லல் என்ன வேலை செய்கிறது என்பது புரியும். இந்நூலின் கடைசிக் கவிதையை மட்டும் இப்போதைக்கு விட்டுவையுங்கள்.

அடுத்தது 2002-இல் வந்து டி. எஸ். எலியட் பரிசு பெற்ற 'டார்ட்'. டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் மேட்டுச் சதுப்பில் பிறந்து, டார்ட்மீட்டில் கிழக்கு, மேற்குக் கிளைகள் ஒன்றுகூடி, டாட்னஸ் ஊரைக் கடந்து, டார்ட்மத்தில் கடல் சேரும் ஆறு அது. வாசிக்கும்போது அந்த ஆற்றின் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கவிதை ஆறு போகும் வழியிலேயே போகிறது. ஆற்றோடு வாழ்ந்து பிழைப்பவர்களிடம் ஆஸ்வால்ட் நெடுநாள் பேசிப் பதிவு செய்து, அந்தப் பேச்சுகளிலிருந்தே இக்கவிதையைக் கட்டினார். தனியாக நடந்து வரும் முதியவர், தகரம் எடுப்பவர், கம்பளி ஆலைத் தொழிலாளி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பணியாளர், திருட்டுத்தனமாகச் சால்மன் மீன் பிடிப்பவர், படகு கட்டுபவர், ஓடக்காரர் என்று ஒருவர் பேச்சு முடியும் முன்பே அடுத்தவர் பேச்சு கலந்துவிடுகிறது. யார் பேசுகிறார் என்பதைப் பக்கத்தின் ஓரத்தில் உள்ள சிறு குறிப்புகள் காட்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி நிற்கிறார்கள். ஓரக் குறிப்புகளை நாடகப் பாத்திரங்களின் பெயர்ப்பட்டியலைப் போலக் கருதி, ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டுகொண்டுதான் நகர வேண்டும் என்று முயன்றால் கவிதை துண்டு துண்டாகிவிடும். எல்லாக் குரல்களையும் ஆற்றின் முணுமுணுப்பாகவே கொள்ள வேண்டும் என்று முன்குறிப்பில் கவிஞரே சொல்லியிருக்கிறார். முதல் வாசிப்பில் ஓரத்தைப் பார்க்காமல் உரைநடையும் பாட்டும் மாறி மாறி வரும் வேகத்தை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் வாசிப்பில் குறிப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம். பால் பண்ணை எந்திரங்களைப் பற்றியும் நீர் வடிகட்டும் முறைகளைப் பற்றியும் வரும் தொழிற்சொற்களுக்கு ஒவ்வொன்றாக அகராதி புரட்டவும் வேண்டாம். அவை பெரும்பாலும் ஓசைக்காகவே அங்கே குவிக்கப்பட்டுள்ளன. கடைசியில் கடல்நாய்களின் மேய்ப்பனான கிரேக்க நீர்த்தெய்வம் புரோட்டியஸ் வரும்போது, நினைத்த வடிவம் எடுக்கும் அத்தெய்வம் ஏன் அந்த இடத்தில் வர வேண்டும் என்பதை விளக்க உரை தேவைப்படாது.

செவர்ன் ஆற்றின் கழிமுகத்தில் நிலா எழுவதைச் சொல்லும் 'எ ஸ்லீப்வாக் ஆன் தி செவர்ன்' 2009-இல் வந்தது. உலகின் மிகப் பெரிய ஓத ஏற்ற இறக்கங்களில் ஒன்று அங்கே நிகழ்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'டார்ட்' பிடித்திருந்தால் மட்டும் வாசியுங்கள். முந்தைய நூலின் இறுக்கம் இதில் இல்லை. அதே ஆண்டு வந்த 'வீட்ஸ் அண்ட் வைல்ட் ஃபிளவர்ஸ்' களைச்செடிகளை மனிதர்களாக்கும் விளையாட்டு, ஓய்வாகப் புரட்டலாம்.

அதன் பின் 2011-இல் வந்த 'மெமோரியல்'. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தின் கதையைப் பெரும்பாலும் அகற்றிவிட்டு, இறந்த வீரர்களையும் ஹோமரின் உவமைகளையும் மட்டும் மீதம் வைத்த நூல் இது. அகில்லீஸின் கோபத்தைச் சுற்றிய கதை தெரியாதவர்கள் முன்னதாக ஒரு சுருக்கத்தைப் படித்துக்கொள்வது நல்லது; ஆனால் அந்தக் கதையை இங்கே தேடக் கூடாது. நூலின் தொடக்கத்தில் புரோட்டெசிலாவுஸ் முதல் ஹெக்டர் வரை ஏறக்குறைய 200 பெயர்கள், பெரிய எழுத்துகளில், பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலோர் இதைப் புரட்டிவிட்டு மேலே போகிறார்கள். போகாதீர்கள், உச்சரிப்பு தவறினாலும் பரவாயில்லை, எல்லாப் பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள். ஊருக்கு நடுவே நிற்கும் போர் நினைவுத்தூணின் முன் நின்று படிப்பது போன்றது அது.

பின்னர் ஒவ்வொரு சாவும் சில வரிகளில் வருகிறது: பெயர், தந்தை, ஊர், எங்கே காயம் பட்டது. அதையடுத்து ஓர் உவமை, பல இடங்களில் அப்படியே இரண்டு முறை. விரைந்து நடக்கும் தாயின் ஆடையைப் பற்றிக்கொண்டு தூக்கச் சொல்லும் சிறுமியின் உவமை இவற்றுள் ஒன்று. ஹோமரில் இது அழுதுகொண்டிருக்கும் தன் தோழன் பத்ரோக்ளசைப் பார்த்து அகில்லீஸ் சொல்வது. ஆஸ்வால்டிடம் சொல்பவர் நீங்கிவிட, சாவுக்குப் பக்கத்தில் அந்த உவமை தனியே நிற்கிறது. இரண்டாம் முறை வருவதைத் தாண்டினால் நூலில் பாதியை இழந்துவிடுவீர்கள். புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில் பழகிய காதுக்கு இந்தச் சுருக்கமும் பெயர் சொல்லி அரற்றுதலும் அந்நியமாகப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்நூல் எலியட் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தபோது, பரிசுக்கு ஒரு முதலீட்டு நிதி நிறுவனம் ஆதரவளிப்பதை ஏற்காமல் ஆஸ்வால்ட் விலகிக்கொண்டார். பின்னர் 2013-இல் இதற்கு வார்விக் பரிசு கிடைத்தது.

இப்போது 'ஃபாலிங் அவேக்'கில் விட்டுவைத்த கடைசிக் கவிதைக்குத் திரும்பலாம். சாகாவரம் பெற்று இளமை பெறாத டித்தோனஸ் தன்னைக் காதலித்த வைகறைத் தெய்வத்துக்காகக் காத்திருப்பதை, நடுக்கோடையில் 4.17 மணி முதல் சூரியன் எழும் வரையிலான 46 நிமிடங்களில் அக்கவிதை சொல்கிறது. அதே அளவு நேரம் ஒதுக்கி, வெற்றிடங்களில் உண்மையாகவே நிறுத்தி வாசியுங்கள். முடிந்தால் விடியும் முன் தொடங்குங்கள்.

1996-இன் முதல் தொகுப்பையும் 2005-இன் 'உட்ஸ் எட்ஸெட்ரா'வையும் இதற்குப் பிறகு எந்த வரிசையிலும் எடுக்கலாம். முதல் தொகுப்பில் ஓர் உவமை அடுத்த உவமையைப் பெற்றுக்கொண்டே போகும் 'வெட்டிங்' என்ற பதினான்கு வரிக் கவிதையைத் தவறவிட வேண்டாம். 2019-இன் 'நோபடி'யை இறுதிக்கு வையுங்கள். அதே ஆண்டில்தான் ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியராகத் தேர்வாகி, 1708-இல் தொடங்கிய அப்பதவியில் பணியாற்றிய முதல் பெண் ஆனார். ட்ராய் போருக்குப் போன மன்னன் அகமெம்னான் தன் மனைவிக்குக் காவலாக விட்டுச் சென்ற ஒரு கவிஞனை, அவளைக் கவர நினைத்த ஏகிஸ்தஸ் ஆளற்ற தீவில் கொண்டுபோய் விட்டான் என்று ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியின் மூன்றாம் பகுதியில் ஓரிரு வரிகள் வருகின்றன. அவ்வரிகளை முதலில் படித்துவிட்டுத் தொடங்கினால், யார் பேசுவது என்று தெரியாமல் கடலோடு கலைந்துபோகும் அந்நூலில் கால் ஊன்ற ஓர் இடம் கிடைக்கும்.