குதிரையைக் கடக்கும்போது பைக்கை முறுக்காதீர்கள்

இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் பைக் ஓட்டுபவர்களுக்கு: வளைவு திரும்பியதும் முன்னால் குதிரை போனால் உடனே வேகத்தைக் குறையுங்கள். 2022-இல் திருத்திய சாலை விதிகளின்படி மணிக்கு 10 மைலுக்குள் போக வேண்டும். பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் பொறுமையாகப் பின்னாலேயே வாருங்கள்.

ஹாரன் வேண்டவே வேண்டாம். குதிரைக்குத் தன் நேர் பின்னால் இருப்பது தெரியாது. சத்தம் மட்டும் கேட்டால் மிரண்டு குறுக்கே பாயும். காதுகள் உங்கள் பக்கம் திரும்பினால் கவனித்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகும் அது நிலைகொள்ளாமல் தவித்தால் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இரண்டு குதிரைகள் ஜோடியாகப் போனால் எரிச்சல்படாதீர்கள். உள்பக்கம் இருப்பது பழகாத குதிரையாகவோ கற்றுக்கொள்ளும் சிறுமியாகவோ இருக்கலாம். கூட்டமாகப் போகிறீர்களா? கடைசி பைக்கும் கடந்து நன்றாகத் தள்ளி வந்தபிறகே வேகமெடுங்கள்.