தொடர்பியல் கோட்பாடுகள்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

தொடர்பியல், அதாவது தகவல்தொடர்பு எப்படி நடக்கிறது என்று ஆராயும் துறையின் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். இடப்பக்கக் கட்டத்தில் ‘அனுப்புநர்’, வலப்பக்கக் கட்டத்தில் ‘பெறுநர்’, நடுவில் ஓர் அம்பு, அதன்மேல் ‘இரைச்சல்’. கீழே ‘பின்னூட்டம்’ என்று வளைந்து திரும்பும் இன்னொரு அம்பு. தலைப்பு, ஷானன்–வீவர் மாதிரி. கணிதப் பொறியாளர் கிளாட் ஷானன் உருவாக்கி, வாரன் வீவர் விளக்கி எழுதிய மாதிரி அது. அந்த வளைந்த அம்புக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். ஷானன் 1948இல் வெளியிட்ட பொதுப்படத்தில் அது கிடையாது. பின்னூட்டம் என்ற கருத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது அதே ஆண்டில் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் எழுதிய சைபர்நெடிக்ஸ், அதாவது கட்டுப்பாட்டையும் தொடர்பையும் பற்றிய நூல். பிறகு வந்தவர்கள் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்.

அம்பைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. ஷானன் பெல் ஆய்வகத்தில் இருந்தவர். தந்தி, தொலைபேசிக் கம்பி வழியாகக் குறிகளைப் பிழையில்லாமல் மறுமுனைக்குச் சேர்ப்பது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி. பொருள் என்ன என்பது இந்தப் பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லை என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவர் ‘தகவல்’ என்றது எத்தனை வாய்ப்புகளிலிருந்து ஒன்று தேர்வாகிறது என்ற அளவை. அதைக் கருத்துப் பரிமாற்றம் என்று படித்தால் மொத்தமும் தடம் மாறிவிடும்.

ஒரு வாரமாகப் பேசாமல் இருந்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்கிறீர்கள். “சாப்பிட்டியாம்மா?” என்கிறீர்கள். “ஆச்சு” என்று பதில் வருகிறது. லைன் சுத்தமாக இருக்கிறது, ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. ஷானனின் வேலை அங்கே முடிந்துவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கும் வருத்தத்தை அவருடைய கணக்கு தொடவே தொடாது, தொடுவதாக அவர் சொன்னதும் இல்லை. வழியில் குறியைக் கெடுக்கும் குறுக்கீட்டைத்தான் ஷானன் ‘இரைச்சல்’ என்றார். வீட்டுச் சண்டைக்கெல்லாம் ‘இரைச்சல்’ என்று விளக்கம் எழுதுகிறவர்கள் அவரைக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கிறார்கள்.

சரி, அந்த வருத்தம் குரலில்தானே இருந்தது, அப்படியானால் ‘தொடர்பில் 93 சதவீதம் சொற்கள் இல்லாதது’ என்பது உண்மைதானே என்று கேட்பார்கள். ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் இந்த 7–38–55 கணக்கு (சொல்லுக்கு 7, தொனிக்கு 38, முகத்துக்கு 55 சதவீதம்) வேதவாக்கு. அதன் ஊற்று உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனும் உடன் ஆய்வாளர்களும் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். அவற்றில் ஒன்றில், ‘மேபி’ (இருக்கலாம்) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை விருப்பம், வெறுப்பு, இரண்டும் இல்லாத நிலை என்று வெவ்வேறு தொனியில் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டவர்களுக்குப் பெண் முகங்களின் புகைப்படங்களையும் காட்டி, சொன்னவருடைய மனநிலையைக் கணிக்கச் சொன்னார்கள். இரண்டு ஆய்வுகளின் முடிவுகளையும் சேர்த்து வந்ததுதான் அந்தச் சூத்திரம். சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது, விருப்பு வெறுப்பை எதைக் கொண்டு கணிக்கிறோம் என்பதோடு அதன் எல்லை முடிகிறது. மெஹ்ராபியனே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார். மருத்துவர் “காலையில் அரை மாத்திரை, ராத்திரி ஒன்று” என்று சொல்லும்போது அளவு முழுவதும் சொல்லில்தான் இருக்கிறது. அதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அம்மாவின் “ஆச்சு” இந்த ஆய்வின் எல்லைக்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது, மருந்துச் சீட்டு வரவே வராது.

அடுத்தது ‘ஊசிக் கோட்பாடு’. ஊடகம் ஊசி மருந்துபோல மக்களுக்குள் நேராக இறங்கும் என்று முதல் தலைமுறை அறிஞர்கள் நம்பியதாகவும், 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸின் செவ்வாய்வாசிகள் வானொலி நாடகம் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியதாகவும் எழுதுவார்கள். அந்தப் பீதியைச் செய்தித்தாள்கள் பல மடங்கு ஊதிப் பெருக்கின என்பது பிற்கால வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அந்தப் பீதியைப் பற்றி உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1940இல் வெளியிட்ட ஆய்வும் யார் நம்பினார்கள், யார் வேறு வழியில் சரிபார்த்துக்கொண்டார்கள், ஏன் என்றுதான் தேடியது. ஆக, கேட்டவர் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதற்கே அது சான்று. ஊசிக் கோட்பாட்டுக்கு அதை உதாரணமாக எழுதுவது தலைகீழ்.

எந்தப் பிரச்சினை முக்கியம் என்று மக்கள் நினைப்பதை ஊடகம் வடிவமைக்கிறது என்பது நிகழ்ச்சி நிரல் கோட்பாடு. யாருக்கு ஓட்டு என்பதையே ஊடகம் தீர்மானிக்கிறது என்று எழுதிவிடுவார்கள்; தவறு சின்னது, ஆனால் தவறாமல் வரும். ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது அந்நாட்டின் சாப்பல் ஹில் நகரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் கேட்டு, 1972இல் முடிவை வெளியிட்டார்கள். ஊடகம் முக்கியம் என்று காட்டியதும் வாக்காளர்கள் முக்கியம் என்று சொன்னதும் நெருக்கமாக ஒத்துப்போயின. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஊடகம் தீர்மானித்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

மரபுகளுக்கு வருவோம். தொடர்பியல் அறிஞர் ராபர்ட் கிரெய்க் 1999இல் தொடர்பியல் கோட்பாடுகளில் ஏழு மரபுகளைப் பிரித்துக் காட்டினார்: சொற்கலை, குறியியல், நிகழ்வியல், சைபர்நெடிக்ஸ், சமூக உளவியல், சமூகப் பண்பாடு, விமர்சனம். மாணவர்கள் இதை ஏழு இழுப்பறையாக நினைத்து, ஒவ்வொரு கோட்பாட்டையும் ஒன்றில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கிரெய்க் விரும்பியது இந்த மரபுகள் ஒன்றோடொன்று வாதாட வேண்டும் என்பதை. அதே “ஆச்சு”வை எடுங்கள். ‘ஆச்சு’ என்ற குறி எப்படிக் கோபமாக வாசிக்கப்படுகிறது என்று குறியியல் கேட்கும். அம்மாவின் அனுபவத்தை நாம் உள்ளிருந்து உணர்கிறோமா என்று நிகழ்வியல் கேட்கும். இந்த வீட்டில் நேராகக் கோபப்படும் உரிமை யாருக்கு இருக்கிறது, அம்மா ஏன் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று விமர்சன மரபு கேட்கும். எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் நெடுநேரம் மனதில் நிற்கிறது. ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதிகம் தாண்டிப் போவதும் அதைத்தான்.

அப்புறம், நம் ஊரில் மட்டும் நடக்கும் ஒன்று. ‘உடல்மொழிக் கோட்பாட்டைத் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார்’ என்று, உணர்வுகள் மெய்யில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய இயலான மெய்ப்பாட்டியலைக் கொண்டுவந்து வைப்பது. பெருமையில் எழுதுவது புரிகிறது, ஆனால் அது தொல்காப்பியத்தைச் சின்னதாக்குகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களத்தில், அதாவது காரணத்தில், பிறக்கிறது என்று அவர் தேடுகிறார். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். செய்யுளில் ஓர் உணர்வு எதிலிருந்து எழுந்து மெய்யில் தோன்றுகிறது என்பது அங்கே கேள்வி. மெய்ப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நான்கு நான்காகப் பிரித்ததை எழுதினாலே விடை நிறைந்துவிடும். ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ கட்டங்கள் அதற்குத் தேவைப்படாது.