"ராஜ்யம்" என்று வருகிற இடமெல்லாம் பென்சிலோடு வாசிப்பது எப்படி

"அது சமீபமாயிற்றுன்னா, இப்ப எங்க நிக்குது டீச்சர்?"

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் கேட்டான். கரும்பலகையில் பரலோகராஜ்யத்துக்குப் படம் போட்டிருந்தேன்: மேகம், அதற்கு மேல் மதில், நடுவில் பொன் வாசல். அன்றைய மனப்பாட வசனம் மாற்கு 1:15, "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று". மதிலும் வாசலுமாக ஒன்று நம் பக்கம் வந்துவிட்டது என்றால் அது தூத்துக்குடியைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று பிள்ளை கேட்கத்தான் செய்வான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மணியடித்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லவில்லை. ராஜ்யம் என்றால் முதலில் இடம் அல்ல, ஆட்சி என்பது எனக்கே விளங்க நாலைந்து வருஷம் ஆயிற்று.

நான் இறையியல் கல்லூரிப் பக்கம் போனவள் இல்லை. ஆப்பம் சுட்டு விற்கிறவள், எங்கள் சபை வட்டாரமான சேகரத்தில் பெண்கள் வேதபாடம் எடுக்கிறவள். நாங்கள் வாசித்துப் பழகிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேண்டியது: வீட்டில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம், கூடவே 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம், ஒரு 40 பக்க நோட்டு, நீலமும் சிவப்புமாக இரண்டு கலர் பென்சில், ஒரு சாதா பென்சில். இரண்டு மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பழையதில் "தேவனுடைய ராஜ்யம்" என்று இருக்கிற இடத்தில் புதியது "இறையாட்சி" என்கிறது. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். முடியாத பாதிக்குத்தான் நோட்டு.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரு ஞாயிறு மத்தியானத்தில் வாசித்து முடிக்கலாம். "தேவனுடைய ராஜ்யம்" என்று வருகிற வசனங்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 15 வரும். திருவிவிலியத்தில் ஒன்று குறைந்தால் பதற வேண்டாம். 1:14இல் பழையது "தேவனுடைய ராஜ்யத்தின் சுவிசேஷம்" என்கிறது, புதியது "கடவுளின் நற்செய்தி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கையெழுத்துப் பிரதிகளுக்குள் இருக்கிற வித்தியாசம் அது.

எழுதியபின் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். சமீபமாயிற்று, வருகிறது, ஏற்றுக்கொள்ளுதல், பிரவேசித்தல், காத்திருத்தல். இடம் எப்படி ஐயா வரும்? திருநெல்வேலி நம்மிடம் வராது, நாம்தான் பஸ் ஏற வேண்டும். ஆனால் ஆட்சி வரும். 1967இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது ஒரு சென்ட் நிலமாவது நகர்ந்ததா? இயேசு பேசிய அரமேயிக்கில் மல்கூத்தா, எபிரெயத்தில் மல்கூத், சுவிசேஷம் எழுதப்பட்ட கிரேக்கத்தில் பசிலெயா. மூன்றுமே முதலில் சொல்வது ராஜா ஆளுகிறான் என்பதை. ஆளப்படுகிற நிலம் என்ற பொருள் அதற்குப் பின்னால் வருவது.

நம் பேச்சிலும் இது உண்டு. "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று புது மாப்பிள்ளையைக் கேட்கிறோம். சொல்வது ஊர் பேர், கேட்பது அந்த வீட்டில் யார் சொல் செல்லும் என்பதை. வேதபாடத்தில் இதைச் சொன்ன அன்றைக்கு அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் லூக்கா 19:12, இயேசு சொன்ன ஒரு உவமை. "பிரபுவாகிய ஒருவன் ஒரு ராஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பிவரும்படி தூரதேசத்துக்குப் போகப் புறப்பட்டான்." தூரதேசம் போய் அவன் வாங்கி வந்தது நிலமா? நிலம் ஊரில் அப்படியே கிடக்கிறது, அவன் வாங்கப் போனது பட்டம். கேட்டவர்களுக்கு இது நேற்று நடந்த கதை மாதிரி. கி.மு. 4இல் பெரிய ஏரோது செத்ததும் மகன் அர்கெலாயு ரோமாபுரிக்குப் போய்ப் பேரரசன் அகுஸ்துராயனிடம் ராஜபட்டம் கேட்டான். யூதரில் ஒரு கூட்டம் பின்னாலேயே போய் "இவன் எங்களுக்கு வேண்டாம்" என்றது. உவமையிலும் அதே போல ஊரார் ஸ்தானாபதிகளை, அதாவது தூதர்களை, அனுப்புகிறார்கள், 14ஆம் வசனம். ராயனுக்கு வரி கட்டி, ரோமப் போர்ச்சேவகனுக்கு ஒதுங்கி நடந்த ஜனங்களிடம் போய் "தேவன் ஆளப்போகிறார்" என்று சொல்வது பக்திப் பேச்சு மட்டும் அல்ல. கேட்டவன் கழுத்து குளிர்ந்திருக்கும்.

அப்படியானால் இன்னொரு சுவிசேஷம் எழுதிய மத்தேயு ஏன் "பரலோகராஜ்யம்" என்கிறார்? என்னை மேகத்துக்கு மேல் மதில் வரைய வைத்தது இந்தச் சொல்தான். துக்க வீட்டிலும் இதைத்தான் சொல்கிறோம், "ஐயா பரலோகராஜ்யம் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்று. மத்தேயு 19:23, 24 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். முதல் வசனத்தில் ஐசுவரியவான் "பரலோகராஜ்யத்தில்" பிரவேசிப்பது அரிது. அடுத்ததில், அவன் "தேவனுடைய ராஜ்யத்தில்" பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது. ஒரே ஆள், ஒரே பேச்சு, இரண்டு சொல். தேவ நாமத்தை வாயில் எடுக்கத் தயங்கிய யூதர் "பரலோகம்" என்று சுற்றிச் சொல்வது உண்டு. புருஷன் பேரைச் சொல்லாமல் "எங்க வீட்டுல" என்று என் ஆச்சி சொன்ன மாதிரி. ஆச்சி சொன்னது கட்டடத்தை அல்ல.

இப்போது ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நான் இதில் கொஞ்சம் தலைகால் தெரியாமல் ஆடினேன். ஆட்சி என்ற சாவி கிடைத்ததும் எல்லாப் பூட்டிலும் போட்டுத் திருகினேன். சில பூட்டு திறக்காது. மத்தேயு 8:11இல் கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபோடு பந்தியிருக்கிறார்கள். பந்தி என்றால் இலை போட இடம் வேண்டும். மாற்கு 10:15 இன்னும் நல்ல இடம்: ராஜ்யத்தை சிறு பிள்ளையைப்போல் "ஏற்றுக்கொள்ளாவிட்டால், அதில் பிரவேசிக்கமாட்டான்". ஏற்றுக்கொள்வது ஆட்சியை, பிரவேசிப்பது அந்த ஆட்சி நடக்கிற இடத்துக்குள். திருவிவிலியம் "அதற்கு உட்படமாட்டார்" என்று போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அர்த்தம் சரிதான், ஆனால் பழையதில் இருக்கிற வாசல்படி காணாமல் போகிறது. ஆட்சி என்று வாசித்துப் பொருந்தாத வசனத்துக்குப் பக்கத்தில் சாதா பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு மேலே போங்கள். என் நோட்டில் இன்னும் ஆறு சுழி இருக்கிறது.

அடுத்து கலர் பென்சில். ராஜ்யம் வந்தாயிற்று என்கிற வசனத்துக்கு நீலம், இனி வரும் என்கிறதற்குச் சிவப்பு. "நான் தேவனுடைய விரலினாலே பிசாசுகளைத் துரத்துகிறபடியால், தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே", லூக்கா 11:20, நீலம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் முன்னால் "உம்முடைய ராஜ்யம் வருவதாக", சிவப்பு. வந்துவிட்டதை வரச்சொல்லி ஜெபிப்பானேன்? இங்கே ஒரு கலரை அழித்துவிடாதீர்கள். நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இப்போது நடக்கிறதெல்லாம் தேவ ஆட்சி என்று சொல்ல வேண்டிவரும், அதைச் சொல்ல நாக்கு கூசும். சிவப்பை மட்டும் வைத்தால் கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் ராஜ்யம் வருகிற வருஷம் குறித்துக் கொடுக்கிறவர்களிடம் போய் நிற்பீர்கள். ஒருமுறை நானும் அப்படி ஒரு வருஷத்தை வேதாகமத்தின் பின் அட்டையில் குறித்து வைத்தேன். வருஷம் போய்விட்டது, மை போகவில்லை. அப்போஸ்தலர் 1:6இல் சீஷரும் தேதிதான் கேட்கிறார்கள். காலங்களையும் வேளைகளையும் அறிகிறது "உங்களுக்கு அடுத்ததல்ல" என்று பதில் வருகிறது.

இரண்டு கலரும் ஒரே வசனத்தில் எப்படி நிற்கும் என்று பார்க்க உவமைக்குப் போங்கள். நான் அதிக நேரம் உட்கார்ந்தது மத்தேயு 13:33இல், அது என் தொழில் என்பதால். "பரலோகராஜ்யம் புளித்த மாவுக்கு ஒப்பாயிருக்கிறது, அதை ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும் வரைக்கும், மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள்."

மூன்று படி என்றதும் நம் படியை நினைத்துவிடுவோம். நானும் ஒரு சட்டி மாவு என்றுதான் நினைத்தேன். கிரேக்கத்தில் இருப்பது சாத்தோன் என்கிற அளவு, ஒன்று ஏறக்குறைய 13 லிட்டர். மூன்றும் சேர்ந்து 39 லிட்டர், எடை போட்டால் 20 கிலோவுக்கு மேல். திருவிவிலியம் "மூன்று மரக்கால்" என்பது பக்கத்தில் வருகிறது. ஒரு கிலோ அரிசிக்கு எனக்கு இருபத்தைந்து ஆப்பம் வரும். இருபது கிலோ என்பது கலியாண வீட்டு மாவு. ஒரு பெண் தனியாக, வீட்டுக்குள், நூறு பேருக்குமேல் சாப்பிடுகிற அளவுக்கு மாவு பிசைகிறாள். யாருக்கு? ஆதியாகமம் 18:6இல் விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் சாராளிடம் எடுக்கச் சொல்வதும் இதே அளவுதான், மூன்றுபடி மெல்லிய மா.

அந்தப் புளிப்பு ஈஸ்ட் பாக்கெட் அல்ல. முந்தின தடவை பிசைந்ததில் ஒரு உருண்டையை எடுத்து வைப்பார்கள், அது புளித்திருக்கும், அதைப் புது மாவில் சேர்ப்பார்கள். நாம் பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுக் கலக்குவது போல. "அடக்கிவைத்தாள்" என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். கிரேக்கச் சொல்லும் ஒளித்துவைத்தாள் என்றே சொல்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பானையைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காது வைத்துக் கேட்டாலும் சத்தம் இல்லை. ஆனால் கலந்த கரண்டி மாவை இனி யாராலும் பிரித்து எடுக்க முடியாது. அந்த வகையில் வேலை முடிந்தது, நீலம். விடியற்காலம் நாலு மணிக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது சிவப்பு. இரண்டும் ஒரே பானை.

இன்னொன்று: யூதரின் பஸ்கா பண்டிகைக்கு வீட்டில் புளிப்பே இருக்கக்கூடாது. இயேசுவே, தன்னை எதிர்த்த யூத மதக் கூட்டத்தாரான பரிசேயர், சதுசேயரின் புளித்த மாவைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார், மத்தேயு 16:6. ஆகாத பொருளுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவதை எடுத்து ராஜ்யத்துக்கு ஒப்பிடுகிறார். கேட்டவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ராஜ்யத்தைக் கடுகுவிதைக்கு ஒப்பிடுகிற உவமையும் அதே குறும்புதான், அதை நீங்களே பாருங்கள்: எசேக்கியேல் 17இல் பறவைகள் தங்குவது கேதுருவில், இங்கே கடுகுச்செடியில்.

தகராறு வருகிற இரண்டு வசனம் உண்டு. லூக்கா 17:21, "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே". இதை வைத்து ராஜ்யம் என்பது மனசுக்குள் இருக்கும் அமைதி என்று முடித்துவிடுவார்கள். முந்தின வசனத்தை வாசியுங்கள், கேட்டவர்கள் பரிசேயர். அவர்கள் இருதயத்துக்குள் தேவன் ஆளுகிறார் என்று இயேசு சொல்லியிருப்பாரா? "உங்கள் நடுவேயே" என்கிற திருவிவிலியத்தின் பக்கம்தான் நான். மற்றது யோவான் 18:36, "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல". அதை அந்த இடத்தில் நிறுத்தாமல் வசனத்தை முடிவு வரைக்கும் வாசித்தால், உரியதாயிருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்று அவரே காரணம் சொல்கிறார். அதிகாரம் வருகிற வழி வேறு என்கிறார். இந்த உலகத்தில் அதற்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை.

பவுலின் கடிதங்களான நிருபங்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அங்கே சொல் குறைவாகவே வரும். முதலில் மாற்குவின் 15 வசனத்துக்கும் கலர் போட்டு முடியுங்கள். கடைசியில் வருவது 15:43, அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு. "தேவனுடைய ராஜ்யம் வரக் காத்திருந்தவன்". அப்படிக் காத்திருந்த மனுஷன் துணிந்து ரோம அதிபதி பிலாத்துவிடம் போய் வாங்கி வருவது சிலுவையில் மரித்த இயேசுவின் சரீரம். காத்திருக்கிறான், ஆகவே சிவப்பு என்றார்கள் எங்கள் வேதபாடத்தில் பாதிப் பேர். இல்லை அக்கா, அவன் கையில் இருக்கிறது என்ன, நீலம் போடுங்க என்றாள் ஒருத்தி. எட்டரை மணி ஆகியும் முடியவில்லை, மாவு கரைக்க நான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. என் நோட்டில் அந்த வரிக்கு இன்னும் கலர் போடவில்லை.