16×12 அறையில் ஹோம் தியேட்டர்: முதலில் சோபா, அப்புறம்தான் ஸ்பீக்கர்

டிவியை மாட்டி, ஸ்பீக்கரை மூலைக்கொன்றாக நிறுத்தி, மிச்ச இடத்தில் சோபாவைப் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. வரிசையை மாற்றுங்கள். காது எங்கே இருக்கப்போகிறதோ, அங்கிருந்துதான் எல்லா அளவும் தொடங்கும்.

16 அடி நீளம், 12 அடி அகலமுள்ள அறையில், திரை 12 அடிச் சுவரில். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டினால் பேஸ், அதாவது தாழ்ந்த அதிரும் ஒலி, குமுறும். பக்கத்திலும் பின்னாலும் இருந்து ஒலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கருக்கும் பின்னால் இடமிருக்காது. நட்டநடுவே, 8 அடியில் போட்டால் இன்னும் மோசம். இந்த நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் வாக்கில் உள்ள ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பி, நடுவில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. காது திரைச் சுவரிலிருந்து 10 அடியில், அகலத்தில் சரிநடுவே இருக்கட்டும். அங்கே தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு குறி போடுங்கள்.

முன் ஸ்பீக்கர் இரண்டும் சுவரைவிட்டு ஒன்றரை அடி முன்னால், தங்களுக்குள் 8 அடி இடைவெளியில். குறியிலிருந்து பார்த்தால் பக்கத்துக்கு 25 டிகிரி வரும். ஒலித் தொழில்நுட்ப நிறுவனமான டால்பி சொல்லும் 22–30 டிகிரிக்குள் அடங்கும். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூன்றேகால் அடி வாக்கில். வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டரை ஷெல்ஃபுக்குள் தள்ளிவிடாதீர்கள். வசனம் அடைத்துக்கொண்டு கேட்கும். அதன் முகம் ஷெல்ஃப் பலகையின் விளிம்போடு நிற்க வேண்டும். டிவிக்குக் கீழே வைத்தால் முன்பக்கம் ரப்பர் துண்டு கொடுத்து, காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள்.

சரவுண்ட் இரண்டும் பக்கச் சுவர்களில், காதுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டடி பின்னால், ஓரடி உயரே.

சப்வூஃபருக்குச் சூத்திரம் தேடாதீர்கள். அதைத் தூக்கி சோபாமேல் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் குமுறாமல் சமமாகக் கேட்கிறதோ, அங்கேதான் அது நிற்க வேண்டும். கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம்.

நம் ஊர் அறை சிமெண்ட் பூச்சும் டைல்ஸுமாக எதிரொலிக்கும். ஒருவர் குறியில் உட்கார, இன்னொருவர் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும். முன் ஸ்பீக்கர் எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே எதிரொலியை உறிஞ்ச 2 இன்ச் ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) பேனல். தரையில் தடித்த கம்பளம்.

ஒயர் பைப்பைப் பூச்சு வேலைக்கு முன்பே பதித்துவிடுங்கள். எச்டிஎம்ஐ பிளக்கின் தலை நுழையும் அளவுக்கு, ஒன்றரை இன்ச்சாவது வேண்டும். கடைசியாக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரோடு வரும் அளவெடுக்கும் மைக்கை சோபா மெத்தையில் வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்தி அளவெடுங்கள். மெத்தையில் பட்டுத் திரும்பும் ஒலி கணக்கைக் கெடுத்துவிடும்.