வலி மாத்திரை: பிராண்டைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள்

அட்டையில் பிராண்டுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இபுபுரூபன், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், நாப்ராக்சன் எல்லாம் ஒரே வகை. வலியும் வீக்கமும் தரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உடலில் உருவாவதை இவை தடுக்கின்றன. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதனால் இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது. வயிற்றுப் புண், ரத்தக்கசிவு அபாயம்தான் கூடும்.

டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையோடு, நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வகை வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். டெங்கு சந்தேகம் இருந்தாலும் இவை கூடாது.

பாராசிட்டமால் வேறு வகை: காய்ச்சலும் வலியும் குறையும், வீக்கம் பெரிதாகக் குறையாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் உச்ச அளவு 4 கிராம். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு. பலர் தவறுவது கூட்டு மாத்திரையில். அசிக்ளோபினாக் 100 மி.கி. மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்தே இருக்கும். அதோடு தனியாக ஒரு 650 போட்டால், ஒரே வேளையில் 975 மி.கி. உள்ளே போய்விடும்.