சினிமா வினாடி வினா: நண்பர்கள் மாறி மாறிக் கேட்டு ஆடுவது எப்படி?

நாங்கள் ஐந்து பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, தமிழ் சினிமாவைப் பற்றி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். முதலில் ஒருவனே கேட்க, மற்ற நால்வரும் பதில் சொன்னோம். அவனுக்குப் பதில் சொல்லும் சந்தோஷமே கிடைக்கவில்லை. அதனால் முறை வைத்துக் கேட்க ஆரம்பித்தோம், இரண்டு வருஷமாக நடக்கிறது.

படி 1: கேள்விகளை வீட்டிலேயே எழுதி வாருங்கள்

ஆளுக்கு ஐந்து போதும். செல்போனில் எழுதாதீர்கள். போன் கையில் இருந்தால் மெசேஜ் வரும், கண் அதில் போய்விடும். எனக்குப் பிடித்தது, கிழித்த தினசரி காலண்டர் தாள். முன்பக்கம் ராகு காலமும் நல்ல நேரமும் இருக்கும். வெற்றுப் பக்கத்தில் மேலே கேள்வி, கீழே பதில். பதில் இருக்கும் பகுதியை உள்ளே மடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

படி 2: ஒரே பதில்தான் வருமா என்று பாருங்கள்

இங்கேதான் நான் தவறினேன். "எஸ்.பி.பி. தமிழில் பாடிய முதல் பாட்டு எது?" என்று கேட்டேன். என் சீட்டில் இருந்த பதில் 'ஆயிரம் நிலவே வா'. நண்பன் 'இயற்கை என்னும் இளைய கன்னி' என்றான். தப்பு என்று சொல்லி அடுத்தவனிடம் போய்விட்டேன்.

அவன் விடவில்லை. தான் சொன்ன பாட்டுதான் முன்னால் பதிவானது, ஆனால் 1969இல் அந்தப் பாட்டு இருந்த 'சாந்தி நிலையம்' வருவதற்குள் 'ஆயிரம் நிலவே வா' இருந்த 'அடிமைப் பெண்' திரைக்கு வந்துவிட்டது என்றான். இன்னொருவன், அதற்கும் முன்பே 'ஓட்டல் ரம்பா'வுக்காக ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார், அந்தப் படம் வெளிவரவே இல்லை என்றான். ஒரு கேள்வி, மூன்று பதில், மூன்றிலும் நியாயம் இருந்தது. மார்க் கிடைக்காதவன் அன்றைக்குச் சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய பதிலில் குறை இல்லை, நான் கேட்ட விதம்தான் தப்பு.

"எஸ்.பி.பி. பாடிய பாட்டோடு முதலில் வெளியான தமிழ்ப் படம் எது?" என்று கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஆகவே 'முதல்' என்ற சொல் வந்தால் நின்று இன்னொரு முறை படியுங்கள். 'முதல் வண்ணப்படம்' என்றால் போதாது, 'முதல் முழுநீள வண்ணப்படம்' என்றால்தான் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) என்ற பதில் நிற்கும். 1931இல் வந்த 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் என்கிறோம், அதில் தெலுங்கும் பேசினார்கள். அதற்குப் பதிலாக "காளிதாஸ் படத்தின் கதாநாயகி யார்?" என்று கேளுங்கள். டி.பி. ராஜலட்சுமி. யாரும் மறுக்க முடியாது.

படி 3: முறை, நேரம், மார்க்

வட்டமாக உட்காருங்கள். வலப்பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். இருபது விநாடி. சரியாகச் சொன்னால் இரண்டு மார்க். தெரியாவிட்டால் பாஸ், அடுத்தவர் சொன்னால் ஒரு மார்க்.

யாருக்குமே தெரியவில்லை என்றால் கேட்டவருக்கு ஒரு மார்க் குறையும். இந்த விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இது இல்லாதபோது ஒவ்வொருவரும் யாரும் கேள்விப்படாத படத்தைத் தேடிக்கொண்டு வந்தோம். நல்ல கேள்விக்குப் பதில் நாக்கு நுனியில் நிற்க வேண்டும், வெளியேதான் வரக் கூடாது.

படி 4: மூன்று க்ளூ

ஒவ்வொரு சீட்டிலும் மூன்று க்ளூ எழுதி வையுங்கள். "பி. சுசீலாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த முதல் பாட்டு எது?" முதல் க்ளூ, 1968இல் வந்த படம். இரண்டாவது, சிவாஜி நடித்தது. மூன்றாவது, நிலாவைக் கூப்பிடும் பாட்டு. மூன்றாவதைச் சொன்னதும் யாராவது பாடவே ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த இடமே அதுதான். ஒரு க்ளூவுக்கு அரை மார்க் குறையும்.

பின்சேர்க்கை: மேலே சொன்ன பி. சுசீலா கேள்விக்கு என் சீட்டில் 'பால் போலவே' என்று எழுதியிருந்தேன். இதைப் படித்த ஒருவர், தன் வீட்டில் அம்மா 'நாளை இந்த வேளை பார்த்து' என்று சொன்னார், மார்க் தரலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகத் தரலாம், இரண்டும் அதே பாட்டுதான். இப்போது சீட்டில் இரண்டு அடிகளையும் எழுதுகிறேன்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் நண்பர் வீடியோ காலில் சேர்ந்தால், குரல் கொஞ்சம் தாமதமாக வரும். பாஸ் ஆன கேள்விக்கு முந்திச் சொல்பவருக்கு மார்க் என்று வைத்தால் அவர் எப்போதும் தோற்பார். அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரும் தாளில் எழுதுங்கள், மூன்று எண்ணியதும் ஒன்றாகக் காட்டுங்கள்.